துஷ்டி வருஷத்தில் கிறிஸ்துமஸ்: வீட்டில் ஸ்டார் போடலாமா?

மணல்வீடு | டிசம்பர் 9, இரவு 10.42

ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் வருவேன். இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன்.

ஜூன் மாதம் என் தம்பி பைக் விபத்தில் போய்விட்டான். 34 வயசு. அவன் மனைவியும் ஏழு வயசு மகளும் இப்போது எங்களோடுதான் இருக்கிறார்கள். நாகர்கோவில் பக்கம், கடலோர ஊர். எங்கள் பக்கம் துஷ்டி விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. ஸ்டார் தொங்கவிட மாட்டோம், குடில் வைக்க மாட்டோம், மாவு இடிக்க மாட்டோம். சொந்தக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். கேரல் பாட வருகிறவர்கள்கூட துஷ்டி வீடு என்று தெரிந்தால் கொட்டு மேளத்தை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் கடந்து போய்விடுவார்கள்.

அம்மா அப்படியே இருக்கட்டும் என்கிறாள். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. நேற்றுத் தெரு முழுக்க ஸ்டார் எரிய ஆரம்பித்ததும் சின்னவள் என்னிடம் வந்து, "அத்தை, இந்த வருஷம் நம்ம வீட்டுல மட்டும் இயேசு பொறக்க மாட்டாரா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாமல் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

எனக்கே ஜூனிலிருந்து ஜெபம் வரவில்லை. பூசைக்குப் போகிறேன், உட்கார்கிறேன், எழுகிறேன். உள்ளே ஒன்றுமில்லை. இப்படியொரு வருஷத்தைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால், அந்த முதல் கிறிஸ்துமஸ் அன்று என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம்.

---

நங்கூரம் | டிசம்பர் 9, இரவு 11.05

சகோதரி, மனம் தளராதீர்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாகவே நடக்கிறது. உங்கள் தம்பி இந்த வருஷம் பரலோகத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார். அதை நினைத்துச் சந்தோஷமாக ஸ்டார் போடுங்கள். ஜெபிக்கிறேன்.

---

கிழக்குக்கரை | டிசம்பர் 10, காலை 6.20

நங்கூரம், அவர் பிரசங்கம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். கண்ணில் படவில்லையா?

ஏழு வயசுப் பிள்ளைக்கு அப்பா இல்லை. இதில் நன்மை எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். 2004 கிறிஸ்துமஸுக்கு என் அக்காவும் அத்தானும் வேளாங்கண்ணி போயிருந்தார்கள். நேர்ச்சை. ராத்திரிப் பூசை பார்த்துவிட்டு ஒரு நாள் கூடுதலாகத் தங்கினார்கள். மறுநாள் ஞாயிறு. காலை 9 மணிக்கு மேல் கடல் உள்ளே வந்தபோது அக்கா கடற்கரைப் பக்கத்துக் கடைத்தெருவில் நின்றிருந்தாள், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாமான் வாங்க. அத்தான் பிழைத்தார். அக்கா இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அவள் அதில் ஒருத்தி.

கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, அதிசயம் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள். கோயில் வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்ற என் அக்காவுக்கு அந்த அதிசயம் ஏன் எட்டவில்லை என்று கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

நான் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டேன். மணல்வீடு, உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஸ்டார் போடுவதோ போடாமல் இருப்பதோ உங்கள் இஷ்டம். ஊருக்காகச் செய்யாதீர்கள்.

---

எதிர்வீடு | டிசம்பர் 10, காலை 9.15

நான் இந்து. சொல்லலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் மாமனார் இறந்த வருஷம் தீபாவளி இல்லை. எதிர்வீட்டுக் கிறிஸ்தவ அக்கா, பட்டாசு வெடிக்கிற அன்றைக்கு என் பையன் இரண்டு பேரையும் காலையிலேயே அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். இட்லி, கறிக்குழம்பு, மத்தாப்பு எல்லாம் அங்கேதான். மாமியார் மனசும் நோகவில்லை, பிள்ளைகளும் ஏங்கவில்லை. உங்கள் தம்பி மகளுக்கு அப்படியொரு வீடு பக்கத்தில் இருக்குமே?

---

தங்கல்போட் | டிசம்பர் 10, மதியம் 2.50

மணல்வீடு அக்கா, நான் தூத்தூர் பக்கம். உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். அப்போ எனக்கு 19 வயசு. அப்பா தங்கல் தொழில், ஆழ்கடல் தூண்டில். சுறாவும் சூறையும் பிடிக்க நூற்றுக்கணக்கான கடல்மைல் தாண்டிப் போய் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகிற தொழில். ஒருதடவை கரையை விட்டுக் கிளம்பிவிட்டால் புயல் வருது திரும்பி வா என்று சொல்லிக் கூப்பிட அப்போ வழி இல்லை. வயர்லெஸ் எட்டுகிற தூரத்தில் இன்னொரு போட் இருந்தால் உண்டு. அப்பாவின் போட் கிளம்பிப் பல நாள் ஆகியிருந்தது.

காற்று ஓய்ந்த பிறகுதான் உண்மையான நாட்கள் ஆரம்பித்தன. லட்சத்தீவில் ஒரு போட் ஒதுங்கியிருக்கு, மகாராஷ்டிராவில் ஒரு போட் ஏறியிருக்கு, குஜராத்தில் ஆட்கள் இருக்காங்க என்று போன் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு போனுக்கும் அம்மா எழுந்து நிற்பாள். டிசம்பர் 7-ம் தேதி குழித்துறையில் ரயிலை மறித்து உட்கார்ந்தோமே, அன்றைக்கு அம்மாவும் தண்டவாளத்தில் இருந்தாள். தேடுங்க, கடலில் இறங்கித் தேடுங்க, அது ஒன்றுதான் கேட்டோம். கேரளக் கரையில் ஒதுங்கிய உடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க என் தம்பியிடம் டிஎன்ஏ சாம்பிள் எடுத்தார்கள். எதுவும் ஒத்துப் போகவில்லை.

ஆளைக் காணவில்லை என்றால் ஏழு வருஷம் கழித்துத்தான் இறந்தவராகக் கணக்கு. எங்களுக்கு அந்த விதியைத் தளர்த்தி, சான்றிதழும் 20 லட்சம் நிவாரணமும் கொடுத்தார்கள். அம்மா அந்தத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எத்தனை நாள் அழுதாள் என்று எனக்குத்தான் தெரியும். அது பிறகு நடந்தது.

கிறிஸ்துமஸ் வந்தபோது நாங்கள் துஷ்டி வீடா இல்லையா என்றே தெரியாது. அதுதான் கொடுமை. ஸ்டார் போட்டால் அப்பா செத்தது ஒரு பொருட்டே இல்லை என்று ஆகும். போடாவிட்டால் செத்துவிட்டார் என்று நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை.

அன்றைக்கு ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா கஞ்சிச் சட்டியோடு வந்தார். அவர் மாப்பிள்ளை உயிரோடு வந்துவிட்டவர், லட்சத்தீவில் ஒதுங்கிய போட்டில் இருந்தவர். அந்த அக்கா அதுவரை எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. தன் ஆள் வந்துவிட்டதை எந்த முகத்தோடு வந்து சொல்வது என்று கூச்சம். கஞ்சியை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். அம்மாதான், "உன் ஆள ஒரு தடவ கூட்டிட்டு வாளா. எனக்கு அவர பாக்கணும்" என்றாள்.

அவர் வந்தார். உள்ளே ஏறவில்லை, படியிலேயே உட்கார்ந்தார். கையெல்லாம் உப்புத் தண்ணீரில் வெந்து தோல் உரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: காற்று முறுக ஆரம்பித்தபோது வயர்லெஸ்ஸில் அப்பா குரல் கேட்டதாம். "கயிறு போனா போகட்டு, அறுத்து விடு. ஆளப் பாரு" என்று. இவர் போட்டுக்குச் சொன்னதா வேறு போட்டுக்குச் சொன்னதா என்று தெரியாது. ஆனால் அதைக் கேட்டுத்தான் இவர்கள் தூண்டில் கயிற்றை அறுத்துவிட்டார்களாம். லட்ச ரூபாய்க் கயிறு.

அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கோயிலில் நடுச்சாமத்து மணி அடித்தபோதும் அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நாங்கள் யாரும் பூசைக்குப் போகவில்லை. அந்த அக்கா விடியும்வரை அம்மா பக்கத்திலேயே படுத்திருந்தார்.

அக்கா, கடவுள் எங்கே இருந்தார் என்று என்னிடம் கேட்டால் அந்தப் படிக்கட்டைத்தான் காட்டுவேன். வேறு இடம் எனக்குத் தெரியாது.

---

கிழக்குக்கரை | டிசம்பர் 10, மாலை 5.30

தங்கல்போட், இதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. எங்கள் வீட்டுப் படியில் அப்படி யாரும் வந்து உட்காரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் விளக்கம்தான் கொண்டுவந்தார்கள்.

---

நங்கூரம் | டிசம்பர் 10, இரவு 8.10

மணல்வீடு சகோதரி, மன்னித்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

கிழக்குக்கரை அண்ணன் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். 2021 மே மாதம், இரண்டாம் அலையில் என் மனைவி போய்விட்டாள். ஆஸ்பத்திரி வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் பார்த்தேன், முகம்கூட இல்லை. அடக்கத்துக்கு நாலு பேர். சகலமும் நன்மைக்கு என்கிற அந்த வேத வசனத்தை அன்றைக்குப் பிடித்தவன் இன்னும் கையை விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவேன் என்று பயம். எனக்குக் கயிறாக இருந்தது இன்னொருவர் கையில் கல்லாக விழும் என்று யோசிக்கவில்லை.

அந்த வருஷம் நான் ஸ்டார் போட்டேன். எல்லாரும் சாட்சியாக இருக்கிறீர்கள் என்று பாராட்டினார்கள். சர்வீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம்வரை தரையில் கிடந்தேன். இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

---

ஓய்வுபெற்ற டீச்சர் | டிசம்பர் 11, காலை 7.00

நங்கூரம் தம்பி, இதை முதல் பதிலாகவே எழுதியிருக்கலாமே. இதுதான் சாட்சி.

நான் பாளையங்கோட்டை, சிஎஸ்ஐ சபை. 30 வருஷம் ஞாயிறு பள்ளி எடுத்தவள். வருஷா வருஷம் நாடகம் போடுவோம்: மேய்ப்பர்கள், சாஸ்திரிகள், தேவதூதர்கள், வெள்ளைத் துணியில் குட்டிப் பிள்ளைகள். ஆனால் சாஸ்திரிகள் வருகிற அதே மத்தேயு அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி வருகிறதை ஒரு தடவைகூட நாங்கள் மேடை ஏற்றவில்லை. பெத்லகேமில் இரண்டு வயசுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளை ஏரோது கொன்று போட்டான். ராமாவில் ராகேல் அழுகிறாள், ஆறுதல் வேண்டாம் என்கிறாள் என்று மத்தேயு அங்கே எரேமியாவின் வரியைக் கொண்டுவந்து வைக்கிறார். கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே, ஆறுதலைத் தள்ளிவிடுகிற ஒரு தாய் இருக்கிறாள். அவளை யாரும் திருத்தவில்லை. விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. அழவிட்டிருக்கிறார்கள்.

சபைக் காலண்டரையும் பாருங்கள். 25 பிறப்பு. மறுநாளே, 26, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். 28 அந்தப் பிள்ளைகளின் நாள். காலண்டரை அமைத்தவர்கள் மரணத்தைத் தள்ளி வைக்கவில்லை, தொட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். நாம்தான் 25-ஐ மட்டும் கிழித்து எடுத்து ஸ்டார் போட்டுவிட்டோம்.

மணல்வீடு, ஜெபம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எங்கேயாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். நீ கோயிலில் போய்ச் சும்மா உட்கார்ந்து எழுகிறாயே, அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

கிழக்குக்கரை தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. அக்கா ஏன் போனாள் என்று யார் விளக்கம் சொன்னாலும் நம்பாதே.

---

மடுவீதி | டிசம்பர் 12, அதிகாலை 3.40

நான் இலங்கை, மன்னார்ப் பக்கம். இப்ப கனடாவில இருக்கிறன். எங்கட ஊரில நத்தார் எண்டுதான் சொல்லுவம்.

2009 நத்தார் எங்களுக்கு செட்டிகுளத்தில, மெனிக் பாம் முகாமில. முள்ளிவாய்க்காலால வந்து ஏழு மாசம். கொஞ்சப் பேரை வெளியில விடத் தொடங்கியிருந்தினம், ஆனா போக எங்களுக்கு வீடில்லை. அம்மம்மாவும் நானும் தங்கச்சியும். அம்மா, அப்பா ரெண்டு பேரும் இல்லை. தறப்பாள் கூடாரத்தில வெளியில மழை பெய்தா உள்ளயும் சேறு. தங்கச்சி அந்தச் சேத்தைக் குழைச்சு பாலன் குடில் செய்தாள். மாதா, சூசையப்பர் எல்லாம் களிமண். நிவாரணத்தில வந்த பிஸ்கட் பெட்டிதான் கொட்டில். பாலன் செய்ய அவளுக்கு வரேல்ல, ஒவ்வொரு முறையும் தலை உடையுது. கடைசியில வெறும் துணியைச் சுருட்டி வைச்சாள்.

அம்மம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திட்டு ஒண்டு சொன்னா. "மாதாவே இடம்பெயர்ந்தவதானே." அவ சொன்னது மடு மாதாவை. 2008 ஏப்ரலில சண்டை கிட்ட வந்தவுடனே சுவாமிமார் மடுக் கோயிலில இருந்த சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போச்சினம். எங்கட சனம் நூற்றாண்டுக் கணக்கில அடைக்கலம் எண்டு ஓடிப்போற கோயில் அது. அந்த மாதாவே மூட்டை கட்டினது எங்களுக்குப் பெரிய அடி. மாதாவும் போயிட்டா, இனி ஆர் இருக்கினம் எண்டு அப்ப அழுத அதே அம்மம்மாதான், முகாமில சேத்துக் குடிலுக்கு முன்னால இருந்து இதைச் சொன்னவ. அவ எங்களை விட்டிட்டுப் போகேல்ல, எங்களோட சேர்ந்து வெளிக்கிட்டவ எண்டு அந்த நேரந்தான் அவவுக்கு விளங்கியிருக்கு. பிறகு அந்தச் சுரூபம் ஆகஸ்டில மடுவுக்குத் திரும்பினது. எங்கட ஆக்கள் திரும்பேல்ல.

அக்கா, எனக்கு இண்டைக்கும் பெரிய மரத்தில லைட் போட்டுப் பாட்டுப் போடுற நத்தார் நெஞ்சில ஒட்டாது. ஆனா ஒவ்வொரு வருஷமும் துணியைச் சுருட்டி ஒரு பாலன் வைப்பன். என்ர பிள்ளைகள் கடையில வாங்குவம் எண்டு கேப்பினம். வேண்டாம் எண்டிருவன்.

---

மணல்வீடு | டிசம்பர் 13, இரவு 9.55

எல்லாருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தங்கல்போட் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். படிக்கட்டு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். பிறகு அவளே, "அந்தக் கஞ்சி கொண்டு வந்தவ நல்லா இருக்காளா?" என்று கேட்டாள்.

ஒன்று கவனித்தேன். எங்கள் வீட்டுக்கும் அடக்கத்துக்குப் பிறகு 41-ம் நாள்வரை கூட்டம். அதற்குப் பிறகு யாரும் இல்லை. மரியாதை என்று நினைத்து ஒதுங்கியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தைக்கூட இந்த வருஷம் உங்கள் வீட்டில் வைக்க வேண்டாம் என்று அவர்களாகவே அடுத்த வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை.

---

ஓய்வுபெற்ற டீச்சர் | டிசம்பர் 14, காலை 6.45

அப்படியானால் கேள். எங்கள் வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கேரல் பிள்ளைகளிடம் நீயே போய்ச் சொல். கொட்டு வேண்டாம், தாத்தா வேஷம் வேண்டாம், ஒரு பாட்டு போதும். அவர்களுக்கும் ஆசை இருக்கும், பயம் தடுக்கும். இன்னொன்று: சொந்தக் கோயிலில் தம்பி நின்ற இடம், தம்பி பாடிய குழு என்று எல்லாம் கண்ணில் படும். 25 அன்று காலைப் பூசைக்கு யாரும் உங்களைத் தெரியாத பக்கத்துப் பங்குக்குப் போங்கள். என் கணவர் போன வருஷம் நான் அப்படித்தான் செய்தேன். தெரியாதவர்கள் நடுவில் அழுவது எளிது.

---

தங்கல்போட் | டிசம்பர் 14, காலை 11.20

அம்மாவிடம் சொல்லுங்கள் அக்கா, அவர் நல்லா இருக்கிறார். அவர் மாப்பிள்ளை இப்போ கடலுக்குப் போறதில்லை. ஒவ்வொரு நவம்பர் 30-ம் எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா இன்னும் அந்தக் குரலைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

---

மணல்வீடு | டிசம்பர் 25, மதியம் 3.15

என்ன நடந்தது என்று உங்களிடம் சொல்லத்தான் வந்தேன்.

ஸ்டார் போடவில்லை. அம்மாவுக்கு முடியவில்லை. தம்பி கையால் கட்டிய மூங்கில் ஸ்டார் பரணில் அப்படியே இருக்கிறது, வண்ணக் காகிதம் பாதி கிழிந்து. சின்னவள் அதைப் பார்க்கணும் என்றாள். இறக்கிக் காட்டினேன், தடவிப் பார்த்தாள், திரும்ப ஏற்றி வைத்துவிட்டோம்.

21-ம் தேதி கேரல் வந்தது. நான் முன்னாலேயே போய்ச் சொல்லியிருந்தேன். தெருமுனையிலேயே கொட்டை நிறுத்திவிட்டு எல்லாரும் முற்றத்தில் வந்து நின்றார்கள். தம்பியோடு பாடிய பையன்கள். ஒரு பாட்டு பாட ஆரம்பித்தார்கள். நடுவில் ஒருத்தனுக்குத் தொண்டை அடைத்து நின்றுபோனது, அடுத்தவன் எடுத்தான், அவனுக்கும் முடியவில்லை. பாட்டு முடியவேயில்லை. அப்படியே நின்றார்கள். அம்மா உள்ளே இருந்து வந்தாள். எல்லாருக்கும் கட்டன் சாயா போடணும், இருபது பேர் இருக்காங்க, பெரிய பாத்திரத்தை எடு என்று என்னிடம் சொன்னாள். ஜூனுக்குப் பிறகு அந்தப் பாத்திரம் அடுப்பில் ஏறியது அன்றைக்குத்தான். கடைசி பையன் போகும்போது மணி பதினொன்றரை. தம்பி பள்ளியில் செய்த கூத்தையெல்லாம் சொன்னார்கள். எனக்கே தெரியாத கதைகள். அப்பா இரண்டு இடத்தில் சிரித்தார்.

சின்னவளுக்கு மடுவீதி எழுதியதைச் சொன்னேன். அவள் அப்பாவின் பழைய சட்டைத் துணியைக் கேட்டாள். தம்பி மனைவிதான் வெட்டிக் கொடுத்தாள். சின்னவள் அதைச் சுருட்டி ஒரு தட்டில் வைத்திருக்கிறாள். குடில் இல்லை, தட்டு மட்டும்தான்.

இன்றைக்குக் காலை பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போனோம். அம்மா ஜூனிலிருந்து பூசையில் அழுததில்லை. இன்றைக்கு அழுதாள். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பாட்டி, யார் என்றே தெரியாது, பூசை முடியும்வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஜெபம் இன்னும் வரவில்லை. ஆனால் எழுந்து போகணும் என்று தோன்றவில்லை.

---

கிழக்குக்கரை | டிசம்பர் 26, காலை 9.40

ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்துக்குக் கடற்கரைக்குப் போவேன். இப்போது அங்கிருந்துதான் எழுதுகிறேன். இருபது வருஷம் தாண்டிவிட்டது. பூவும் பாலும் கொண்டு வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள், ஆனால் குறைந்துவிட்டார்கள். மணல்வீடு, அந்தப் பையன்கள் பாட்டை முடிக்காமல் நின்றது நல்லது. முடித்துவிட்டுப் போயிருந்தால் இந்தச் சாயா கிடைத்திருக்காது.

---

மணல்வீடு | டிசம்பர் 26, காலை 10.05

அண்ணா, நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. வர வேண்டும் என்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு தம்பிக்குப் பூசை கொடுத்திருக்கிறோம். அம்மா கேட்கிறாள், உங்கள் அக்கா பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று.

---

கிழக்குக்கரை | டிசம்பர் 26, மாலை 6.50

தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.